நாற்காலியைப் பார்க்கப் போன நாள்

என் மகளுக்கு விழுப்புரத்தில் வேலை என்ற செய்தி ஒரு வாட்ஸப் படமாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நீலப் பின்னணியில் கை குலுக்கும் இரண்டு பேர். கீழே, அலுவலக நிர்வாகப் பயிற்சிக்கு ஆட்கள் உடனடித் தேவை, அனுபவம் வேண்டாம், எந்தப் பட்டப்படிப்பும் போதும் என்று எழுதியிருந்தது. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தவளுக்கு அவளோடு படித்த பெண் அனுப்பியிருந்தாள். நேர்முகத் தேர்வுக்குப் போன அன்றே எடுத்துக்கொண்டார்கள். கூடப் போன எல்லோரையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவள் அப்போது சொல்லவில்லை.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். காலையிலிருந்து மற்றவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டிருப்பவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் தொழிலே. ஆனால் அந்த வேலையை நான் சோதிக்கவில்லை. காரணம், அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை.

எங்கள் பக்கத்தில் அந்த அட்டைக்கு இருக்கும் மதிப்பு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் காலையில் நின்று பார்த்தால் தெரியும். சென்னைக்கும் ஒரகடத்துக்கும் போகிற பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே அதை மாட்டிக்கொண்டு வருவார்கள். சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். டேக் குடுத்துட்டாங்களா என்றுதான் கேட்பார்கள். குடுத்துவிட்டார்கள் என்றால் பிள்ளை கரையேறிவிட்டது என்று பொருள். என் கணவர் மின்வாரியத்தில் இருப்பவர், அரசாங்க வழக்கப்படி வேலை உத்தரவைக் கேட்டார்.

"ஆர்டர் எங்கடி?"

"ட்ரெய்னிங் முடிஞ்சாதான்பா தருவாங்க."

"ஆர்டர் இல்லாம எவன்டி வேலைக்கு வெச்சிக்குவான்?"

"விடுங்க," என்றேன் நான். "டேக் குடுத்திருக்காங்க இல்ல? டை கட்டிக்கினு வரச் சொல்லியிருக்காங்க. இது போதாதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் பங்கில் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் அப்படித்தான் செய்வோம். பூசை தொடங்குவதற்கு முன்னால், இன்னார் மகள் வேலை பெற்றதற்கு நன்றியாக என்று பெயரோடு ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வெளியே வந்ததும் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் முகம் அப்போதே வாடியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் போனாள். இருட்டுகிற நேரத்தில் வந்தாள். என்ன வேலை என்று கேட்டால், சிஸ்டத்துல என்ட்ரி போடுறதும்மா என்றாள். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். புது ஷூ கடிக்குது என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அந்தப் பதில்கள் தயக்கமில்லாமல் வந்தன.

ஒரு நாள் எங்கள் நிலையத்தின் ரத்தம் சுழற்றும் இயந்திரம் ஒன்று ஓடவில்லை. விழுப்புரத்தில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒப்படைக்கிற வேலை சீக்கிரமே முடிந்தது. மாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். மதியம் நெருங்கியிருந்தது. மகள் அலுவலகம் பக்கம்தான். அவள் உட்காரும் நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. இதற்கு ஏன் இவ்வளவு ஆசை என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. என் அம்மா வயல் வேலைக்குப் போனவள். நான் நின்றுகொண்டே வேலை செய்கிறவள். இவள் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தாள்.

செல்போன் உறை விற்கிற கடைக்கு மேலே மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. படியேறிப் போனால் ஒரு நீளமான ஹால். மேசைகள் இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. பெரிய ஸ்பீக்கர் ஒன்று. வெள்ளைப் பலகையில் பெயர்கள், சில பெயர்களுக்கு எதிரே நட்சத்திரங்கள். என் மகள் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. வாசல் பக்கம் ஒரே ஒரு மேசையில் ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள்.

"இன்டர்வியூவா ஆன்ட்டி? உங்க வயசுக்கு எடுக்க மாட்டாங்களே."

மகள் பெயரைச் சொன்னேன்.

"எல்லாரும் ஃபீல்டுக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி. சாயங்காலம்தான் வருவாங்க."

"என்ன ஃபீல்டு? அவ சிஸ்டத்துல இல்ல வேலை செய்யிறா?"

அந்தப் பெண் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். அங்கே எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"நீங்க அவங்க அம்மாவா?"

"ஆமா."

"வீட்டுல சொல்லலையா? வீடு வீடாப் போய் ப்ராடக்ட் விக்கிறதுதான் ஆன்ட்டி வேலை. வித்தா கமிஷன். விக்கலன்னா இல்ல."

"சம்பளம்?"

"அதான் சொல்றனே."

போனைக் காலையிலேயே வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார்களாம். வீட்டிலிருந்து போன் வந்தால் கவனம் சிதறுமாம். அவள் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே கிடந்த போன்களில் என் மகளுடையதும் இருந்தது. அதன் உறையில் இருந்த சிறிய சிலுவை ஸ்டிக்கர் நான் ஒட்டியது. எந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்று கேட்டேன். சொல்லக் கூடாது ஆன்ட்டி என்றாள். நான் படியிறங்கவில்லை. பிறகு அவளாகவே, வழுதரெட்டி பக்கம், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க என்றாள்.

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபோது கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண், கையில் போன் இல்லாமல், யாரென்று தெரியாத வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

அந்தப் பகுதியில் தெருக்கள் ஒன்றுபோலவே இருந்தன. புதிதாகக் கட்டிய வீடுகள், உயரமான இரும்புக் கேட்டுகள், நடுநடுவே கட்டாத மனைகளில் சீமைக் கருவேலம். வெயிலில் தெருவில் யாருமே இல்லை. அவளைப் பார்த்தீர்களா என்று கேட்பதற்கு ஆள் வேண்டுமென்றால் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

முதல் வீட்டில் தட்டினேன். ஜன்னல் திரை விலகியது.

"ஒண்ணும் வேணாம்."

"இல்லீங்க, நான் வந்து..."

"வேணாம்னு சொல்றேன் இல்ல?"

திரை மூடிக்கொண்டது. அடுத்த வீட்டில் நாய். அதற்கடுத்த வீட்டில் கேட்டிலேயே விற்பனையாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். நான் தட்டாமல் தாண்டிப் போனேன். பிறகு ஒரு மாடியிலிருந்து பனியன் போட்டவர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அது? இன்னா கொண்டாந்துக்கிற?"

"ஒண்ணும் கொண்டாரலீங்க. ஒரு பொண்ணத் தேடுறேன்."

"தெனம் ஒருத்தி வந்து பெல்லு அடிக்கிறா. பேஜாரு. இப்ப தேடிக்கினு வேற வர்றீங்களா? மத்தியானம் மனுஷன் தூங்க வேணாம்?"

என் கையில் பழுதுபார்ப்பவர் கொடுத்த ரசீதும் ஒரு துணிப்பையும் இருந்தன. புடவை வியர்வையில் ஒட்டியிருந்தது. பார்ப்பவர்களுக்கு நானும் எதையோ விற்க வந்தவள்தான். வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வேண்டாம் என்ற சொல் வந்தது. அதைக் கேட்கக் கேட்க, நான்காவது ஐந்தாவது வீட்டில் என் குரலே மாறிவிட்டது. குழைய ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டே பேசினேன். எதற்குச் சிரித்தேன்? இதைத்தானே அவள் காலையிலிருந்து மாலை வரை செய்துகொண்டிருக்கிறாள் என்று அப்போது தோன்றியது.

தெருக்கோடியில் ஒரு வீட்டில் கேட் திறந்திருந்தது. என் வயதுள்ள ஒரு பெண்மணி போர்டிகோவில் கால் நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையைத் தனியே போட்டுக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் நாலைந்து வாழை மரங்கள். நான் கேட்டதும் அவர் என்னை விரட்டவில்லை.

"டை கட்டிக்கினு ஒல்லியா ஒரு பொண்ணு, அதுவா? இப்பத்தான் வந்துட்டுப் போச்சு. ஏம்மா, வாங்க நெழலுக்கு. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது."

பக்கத்தில் ஒரு சிறிய மசாஜ் இயந்திரம் இருந்தது. கழுத்தில் வைத்துக்கொள்வது. அவர் அதை அழுத்தினார். கொர்ரென்று ஓடிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினார்.

"இதான் வாங்கினேன். எனக்குக் கழுத்து வலியே இல்ல. அந்தப் பொண்ணுக்காக வாங்கினேன். பாவம், அவங்கம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம். டயாலிசிஸ் ஓடுதாம்."

வேறு பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். மனம் லேசாகக்கூட ஆனது. அடுத்து அவர் சொன்னார்:

"கிரியாட்டினின் எட்டுல நிக்குதாம். அந்தச் சின்னப் பொண்ணு வாயில அந்த வார்த்தையெல்லாம் வருது பாருங்க."

சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற உப்பு அது; எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்து வார்த்தை. இன்னிக்கு ஒருத்தருக்கு கிரியாட்டினின் எட்டு என்று சோறு பிசைந்துகொண்டே நான் சொல்லியிருக்கிறேன். டயாலிசிஸுக்கு வாரத்தில் எத்தனை முறை போக வேண்டும், கால் எப்படி வீங்கும் என்றெல்லாம் அவள் என்னிடம்தான் கேட்டிருக்கிறாள். அந்தப் போர்டிகோவில், திடமான இரண்டு சிறுநீரகங்களோடு, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க யாரு அந்தப் பொண்ணுக்கு?"

"தெரிஞ்சவங்க," என்றேன்.

எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த திருப்பத்தில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் பெரிய கறுப்புப் பை. டையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, காலையில் நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டிருந்தாள். உயிரோடு, முழுசாக இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"அம்மா? நீ இங்க என்னா பண்ற?"

"உன்னைப் பாக்க வந்தேன்."

"ஆபீஸ்ல சர்வேக்கு அனுப்பிச்சாங்கம்மா. இன்னிக்கு மட்டும்தான். சிஸ்டம் டவுனு."

எவ்வளவு இயல்பாக வந்தது அது. முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எனக்கு கிரியாட்டினின் எவ்வளவு?"

கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள்.

"தெனம் காலைல ஸ்டோரி சொல்லிப் பழகணும்மா," என்றாள். "ஒருத்தர் வீட்டுக்காரங்க மாதிரி நிப்பாங்க. நாங்க போய்ப் பேசணும். மனசைத் தொடலன்னா கதவு தெறக்காதுன்னு லீடர் சொல்வாரு. எல்லாரும் அப்பா செத்துட்டாருன்னு சொல்றாங்க. நான் அப்படிச் சொல்லல."

"அதனால என்னைப் படுக்க வெச்சிட்டியா?"

"பொழச்சிக்கிற மாதிரிதாம்மா சொன்னேன்."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது.

"மொதல் நாளே தெரிஞ்சிடுச்சும்மா. அன்னிக்கே நின்னுடலாம்னு பாத்தேன். நீ பூசையில பேரு படிக்க வெச்சிட்ட. டேக் போட்ட போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெச்சிட்ட. அப்புறம் நான் எப்படி வந்து சொல்றது?"

"வா, போலாம்."

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிட்டா லீடர் ஆயிடலாமாம். அப்புறம் ஆபீஸ்லயே ஒக்காரலாம்."

"அங்க ஒக்கார்றதுக்கு இடமே இல்லடி. நான் பாத்துட்டுத்தான் வர்றேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. இந்த வேலையை விடுவதைவிட இதிலேயே கிடந்து ஜெயித்துக் காட்டுவது சுலபம் என்று அவள் நினைத்ததை என்னால் பார்க்க முடிந்தது. அவளை இழுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் இப்படி முகத்தில் ஒரு கோடு மாறாமல் பேசக் கற்றுக்கொண்ட பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய் நான் என்ன செய்வேன்? இனி அவள் சாப்பிட்டேன் என்றால் சாப்பிட்டிருக்கிறாள் என்று எப்படி நம்புவது? அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெயிலைவிட, பூட்டிய வீடுகளைவிட.

அப்போது தெரு முனையில் அந்தப் போர்டிகோ பெண்மணி வந்தார். கையில் ஒரு முழ நீளத்துக்கு வாழைத்தண்டு. தாளில் சுற்றியிருந்தார்.

"இன்னும் இங்கதான் கீறியா? நல்லதாப் போச்சு. இந்தா பொண்ணு, மரத்துலேருந்து வெட்டிக்கினு வந்தேன். உங்கம்மாவுக்குச் சாறு எடுத்துக் குடு. கிட்னிக்கு நல்லது."

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று என் வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொண்டு நன்றி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டால் போதும். அவர் போய்விடுவார். அவள் கை நீட்டவும் செய்தாள். தாளைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இவங்கதான் எங்கம்மா."

அவருக்குப் புரியவில்லை.

"இவங்களுக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி. நல்லா இருக்காங்க. நான் பொய் சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கன்னு இல்ல சொன்ன நீ?"

நான் படியிலிருந்து எழுந்தேன்.

"ஆத்தாளும் மவளும் சேந்துக்கினு நல்லா வித்தை காட்டுறீங்க. என் நாத்தனா அந்த நோவுலதான்டி செத்தா. அவள நெனச்சி நான் அங்க ஒக்காந்து அழுதுக்கினு இருக்கேன். நீ இங்க குந்திக்கினு எலுமிச்ச சோறு துன்ற!"

மகள் பையைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாழைத்தண்டைப் படியில் வைத்துவிட்டு வெடுக்கென்று வாங்கிக்கொண்டார்.

"மிஷின?"

"வந்து வாங்கிக்கிறேன் ஆன்ட்டி."

"வீட்டாண்ட வராத. நானே கொண்டாந்து கேட்டு மேல வெக்கிறேன். எடுத்துக்கினு போய்க்கினே இரு."

கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். மன்னித்துவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். படியில் வைத்திருந்த வாழைத்தண்டை எடுத்துக்கொண்டார். "இத நான் பொரியல் பண்ணிக்குவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டின் மேலிருந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஊருக்குள் வந்தோம். அவள் பையை ஒப்படைத்துப் போனை வாங்கி வர மாடிக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். வேணாம்மா என்றாள். கீழே செல்போன் கடை வாசலில் நின்றேன். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் வயசுதான். ஒரு பையன் சட்டையைக் கால்சட்டைக்குள் சரியாகச் செருகிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சிரிப்பைப் பூட்டிக்கொண்டு படியேறினான். மேலே பாட்டு போட்டார்கள். மணி அடித்தது. கைதட்டல் கேட்டது. யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. அவளை நடுவில் நிற்க வைத்து, நீ தோத்துப் போகப் போறியா என்று கேட்கிறார்களோ? இன்னும் ஒரு வாரம் இரு என்கிறார்களோ? கைதட்டல் நின்று மறுபடி தொடங்கியது. கடைக்காரர், உறை வேணுமா மேடம் என்று கேட்டார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் இறங்கி வந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது. கையில் போன் இருந்தது. "போலாம்," என்றாள்.

பழுது பார்த்த இயந்திரத்தையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அன்று இரவு அவளே அவள் அப்பாவிடம் சொன்னாள். சர்வே, சிஸ்டம் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிரியாட்டினின் வரைக்கும். அவர் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். திரும்பி வந்து, "என்னை ஏன்டி விட்டுட்ட? எனக்கு ஒரு வியாதியும் குடுக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவள் விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பில் போடுகிறாள். சம்பளம் குறைவுதான். மாதம் பிறந்தால் வருகிறது. நான் சரியாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் தலைவலி என்றால் அவள் முகத்தைத் தேவைக்கு மேல் ஒரு நொடி பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரிகிறது. அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. போன வாரம் ஒரு நாள் இருட்டியும் அவள் வரவில்லை. நான் கூப்பிடுவதற்குள் அவளே அழைத்தாள். டோல்கேட்டுக்கிட்ட டிராஃபிக் ஜாம்மா, பஸ்ஸுலதான் இருக்கேன் என்றாள். சரி என்றேன். நான் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் போனை வைக்காமல் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள் போலிருக்கிறது. லாரிகளின் ஹாரன் கேட்டது, கண்டக்டரின் விசில் கேட்டது, முறுக்கு முறுக்கு என்று யாரோ கூவுவது கேட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.